ஏழு விரல் டீசல்

மகுடேஸ்வரன் ஓட்டிய கம்பெனி வேனில் டீசல் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. டாங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது பாதியைத்தான் காட்டும். அதனால் அவர், பனியன் பெட்டிகளைக் கட்டுகிற மஞ்சள் பிளாஸ்டிக் பட்டையில் ஒரு துண்டை வெட்டி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். டாங்க் மூடியைத் திறந்து, அடியில் தட்டும்வரை பட்டையை விட்டு எடுப்பார். நனைந்த இடத்தின் மேல் விரல்களை ஒட்டி வைத்து எண்ணுவார். ஒரு விரலுக்கு முப்பது கிலோமீட்டர். திருப்பூர் மண்ணரையில் ஆட்களை ஏற்றி முதலிபாளையத்தில் இறக்கி, மறுபடி ஏற்றி, இப்படியே ஓட்டி அவருக்கு இந்தக் கணக்கு பிடிபட்டிருந்தது. வண்டி ஒருநாளும் வழியில் நின்றதில்லை.

அன்று காலை அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு வெளியே, சரிவில் நிறுத்தியிருந்த வேனில் பட்டையை விட்டு எடுத்தார். ஏழு விரல் நனைந்திருந்தது.

"காரியாபட்டி வரைக்கும் போயிருமுங்க," என்றார். "அதுக்கு மேல என்னால சொல்ல முடியாதுங்க."

பிணவறைக்குள் கிடந்த முனீசின் ஊர் காரியாபட்டிக்கும் அப்பால், அருப்புக்கோட்டையைத் தாண்டி இருந்தது. வாகைக்குளம் என்று பெயர். பொங்கலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எண்ணெய் கம்பெனி அதிகாரிகளின் வேலைநிறுத்தத்தால் எந்த பங்கிலும் டீசலும் இல்லை, பெட்ரோலும் இல்லை. பிணம் ஏற்றுகிற வண்டிக்காரர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். முனீஸ் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி அர்த்தநாரிதான், இருக்கிற டீசலோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்று வேனையும் டிரைவரையும் அனுப்பியிருந்தார். ஊரிலிருந்து பம்பு செட்டு டீசலைக் கேனில் பிடித்துக்கொண்டு காரியாபட்டிக்கு வந்துவிடுவதாக போனில் பேசி முடிவாகியிருந்தது.

முந்தின நாள் விடிகாலையில் முனீஸ் நைட் ஷிப்ட் முடித்து சைக்கிளில் வரும்போது லாரி அடித்துவிட்டது. ஓவர்லாக் டெய்லர். வயது இருபத்தாறு. அவன் மனைவி நாகஜோதியும் அதே கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். அவள் தேனிப் பக்கத்துப் பெண். வேற ஆளுக. அதனால் கல்யாணமாகி மூன்று வருடமாகியும் அவள் வாகைக்குளத்தைப் பார்த்ததில்லை. அவள் வீட்டார் முனீசைப் பார்த்ததில்லை. இப்போதும் அவள் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

செய்தி கேட்டு பஸ் பிடித்து வந்தவர்கள் முனீசின் அம்மா வெள்ளையம்மாளும், தாய்மாமன் சந்தனமும்தான். நாகஜோதி பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில், சந்தனம் மண்ணரைக்குப் போய் அவர்கள் குடியிருந்த வீட்டுச் சாமான்களை வேனில் ஏற்றிவிட்டார். பீரோ, கட்டில், டிவி, கிரைண்டர் எல்லாம். பீரோ வேனின் மேல் மல்லாக்கப் படுத்திருந்தது. வீட்டின் சொந்தக்காரி பெரியாத்தாள் குறுக்கே நின்று, இனி அம்மிணி எங்க இருக்கும் என்று கேட்டிருக்கிறாள். அதுவும் எங்களோடதான வருது என்று சந்தனம் சொன்னாராம். பெரியாத்தாள் ஆஸ்பத்திரிக்கே வந்து இதை நாகஜோதியிடம் சொன்னபோது, நாகஜோதிக்கு அழுகை நின்றது. மூன்று வருடத்தில் அந்தக் குடும்பத்திலிருந்து அவளைப் பற்றி யாரும் சொன்ன முதல் வார்த்தை அது. அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவனுக்குக் கொள்ளி வைக்கிறவரை கூட இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வேனின் நடுவில் பாய் விரித்து, ஐஸ் கட்டிகளை அடுக்கி, முனீசைக் கிடத்தினார்கள். முனீசின் கூட்டாளி ராஜ்கமல் ஏறினான். வாகைக்குளத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் இருக்கிறவர்கள் நான்கு பேர் ஏறினார்கள். துட்டிக்குப் போகிற வண்டியில் ஏறுகிறவரை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஏறியவரை இறங்கு என்றும் சொல்வதில்லை.

தாராபுரம் வந்ததும் மகுடேஸ்வரன் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். சமதளமான இடம். பட்டையை விட்டு எடுத்து விரலை வைத்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். நான்கு விரல்தான்.

சந்தனம் வந்து பட்டையை வாங்கித் தன் விரலை வைத்துப் பார்த்தார். அவர் விரல் தடி. அவர் கணக்கில் நான்குகூட வரவில்லை.

"அம்பது கிலோமீட்டருக்கு மூணு விரலா? இது டீசல் குடிக்கிற வண்டியா, டீசல்ல குளிக்கிற வண்டியா?"

மகுடேஸ்வரன் ரோட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ஒழுகவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, லோடாக இருக்கலாமுங்க என்றார்.

அந்த வார்த்தைக்கு அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. டீ கிளாஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராஜ்கமல்தான் தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"என் தொப்பை மட்டுமே ஒரு விரல் டீசல் கேக்கும். உசுரோட இருக்கயில அவன் சைக்கிள்ல என்னைய வெச்சு மிதிச்சே நாக்குத் தள்ளிட்டான். இப்பவாச்சும் விட்டுர்றேன்."

அவன் வேனுக்குள் ஏறி, முனீசின் முகத்துக்கு நேராக ஒருமுறை குனிந்துவிட்டு இறங்கினான். மற்ற நான்கு பேரும் ஒவ்வொருவராக ஏறிக் கும்பிட்டுவிட்டு அவன் பின்னால் இறங்கினார்கள். யாரும் இறங்கச் சொல்லவில்லை என்பதால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. வேன் கிளம்பும்போது ராஜ்கமல் கண்ணாடி வழியே நாகஜோதியைப் பார்த்து, எந்திரிச்சுராத தங்கச்சி என்று மட்டும் சொன்னான். அவளுக்கு அது அப்போது புரியவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் மார்க்கெட்டுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டீசல் இல்லாமல் போகாத தக்காளி கூடைகூடையாக அழுகி ரோடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாடையில் வேனுக்குள் இருந்த வாடை கொஞ்ச நேரம் தெரியாமல் போனது. மகுடேஸ்வரன் மறுபடி அளந்தார். மூன்று விரலுக்குக் கொஞ்சம் குறைவு.

பிறகு, திரும்பத் திரும்ப ஒரே கணக்கைப் போட்டு விடை மாறாதவர்போல, மெதுவாகச் சொன்னார்.

"தப்பு என்னுதுங்க. காலைல ஆஸ்பத்திரி மேட்டுல வண்டி சாஞ்சு நின்னுது. டீசல் ஒருபக்கமா ஒதுங்கிருச்சு. நான் அந்தப் பக்கம் பட்டைய உட்டு ஏழு விரல்ன்னு சொல்லிப்போட்டனுங்க. இருந்தது அஞ்சு, அஞ்சரைதானுங்க. தாராபுரத்துல இருந்து இங்க வர்றதுக்கு ஒரு விரல்தான் போயிருக்குது. எப்பவும் போலத்தான் வண்டி குடிக்குது. லோடு ஒண்ணுமில்லீங்க. அந்த அஞ்சு பேரும் சும்மா எறங்குனாங்க."

சந்தனம் ஊருக்குப் போன் போட்டார். அங்கே டீசல் இருந்தது. கொண்டுவருகிற டி.வி.எஸ். ஐம்பதுக்குத்தான் பெட்ரோல் இல்லை. இரண்டு வண்டியில் இருந்ததை ஒரே வண்டியில் ஊற்றியும் மதுரை வரைக்கும்தான் வர முடியும், அதற்கு மேல் வந்தால் திரும்ப முடியாது என்றார்கள். மூன்று விரலுக்குக் கொஞ்சம் குறைவு என்றால் மதுரைக்கும் கொஞ்சம் குறைவு. போனை மடியில் சொருகிக்கொண்டு சந்தனம் வேனைச் சுற்றி வந்தார். மேலே இருந்த பீரோவின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். கயிறு இறுக்கமாக இருந்தது. பிறகு டிரைவரிடம், இங்கிருந்து மதுரைக்கு பஸ் ஓடுகிறதா என்று கேட்டார். கேட்கும்போது பஸ் ஸ்டாண்டு இருக்கிற பக்கமாகப் பார்த்தார். ஓடுதுங்க, கவர்மெண்டு பஸ் ஓடுது என்றார் மகுடேஸ்வரன்.

வேனுக்குள் இப்போது மூன்று பேர்தான். அதில் ஒருத்தி தாய். ஒருவர் கொள்ளிக் காரியங்களை முன்நின்று நடத்த வேண்டிய தாய்மாமன்.

நாகஜோதிக்கு ராஜ்கமல் சொன்னது புரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சந்தனத்தை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதனால் முறை சொல்லாமலே பேசினாள்.

"அந்த பீரோவ எறக்கி வெச்சிரலாம்ல. என்னைய விட ரெண்டு மடங்கு கனம் இருக்கும் அது."

சந்தனம் கோபப்படவில்லை. வாய்க்கால் வரப்புத் தகராறில் நியாயம் பேசுகிறவரைப்போல நிதானமாகச் சொன்னார்.

"ஆளுன்னா பஸ்ஸுல ஏறி வந்துரலாம் தாயி. பீரோ பஸ்ஸுல ஏறுமா? ரோட்டுல வெச்சுட்டுப் போனா நாளைக்கு இருக்குமா?"

அது அவள் ஓவர்டைம் பார்த்து வாங்கிய பீரோ என்பது அவளுக்கு நினைவுக்குக்கூட வரவில்லை.

மகுடேஸ்வரன்தான் குறுக்கே வந்தார். "ஏனுங்க, அம்மிணி எறங்குனா அரைக் கிலோமீட்டரு கூடக் கெடைக்காதுங்க."

"அந்த அரைக் கிலோமீட்டர நீ தருவியா?"

காலையில் செய்த தப்பு மகுடேஸ்வரனின் வாயை மூடிவிட்டது. அவர் பட்டையைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைத்தார்.

நாகஜோதி தன் மாமியாரைப் பார்த்தாள். வெள்ளையம்மாள் பாயில் தேங்கிய ஐஸ் தண்ணீரைத் துணியால் ஒற்றி, கதவு வழியே பிழிந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. அத்தே என்று நாகஜோதி கூப்பிட்டாள். அந்தச் சொல்லை அவள் அதுவரை யாரிடமும் சொல்லிப் பார்த்ததில்லை. சத்தம் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. வெள்ளையம்மாளின் கை ஒரு நொடி நின்றது. பிறகு துணியை மறுபடி நனைத்தது.

கட்டியிருந்த கால் பெருவிரல்களைத் தொட்டுவிட்டு நாகஜோதி இறங்கினாள். வேன், அழுகிய தக்காளியை மிதித்துக்கொண்டு போனது.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் விரல்களை எண்ண ஆரம்பித்தாள். பஸ்ஸுக்காக எண்ணவில்லை. முன்னால் போய்க்கொண்டிருக்கிற வேனுக்காக எண்ணினாள். திண்டுக்கல் வந்தபோது ஒரு விரலை மடக்கினாள். மீதி இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. கொடைரோடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. ஒரு விரல்கூட முழுதாக இல்லை. நான்குவழிச் சாலை போடுகிற வேலை நடந்துகொண்டிருந்ததால் அங்கங்கே மண்பாதையில் திருப்பி விட்டிருந்தார்கள். பஸ் ஊர்ந்து ஏறி இறங்கியது. இந்த மேடுபள்ளத்துக்கு எவ்வளவு குடிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசி விரலை நகத்திலிருந்து கீழ்நோக்கித் தேய்த்துக்கொண்டே வந்தாள். வேன் எங்கேயும் தெரியாமலிருக்கிறவரை நல்லது என்று நினைத்தாள். தெரிந்துவிடுமோ என்று ஜன்னலையே பார்த்தாள்.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் தெரிந்தது.

ரோட்டோரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. பீரோவைக் கீழே இறக்கி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதன் நிழலில் வெள்ளையம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகுடேஸ்வரன் ஒரு லாரிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். லாரி நிற்கவில்லை.

நாகஜோதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்டக்டரிடம் போய், நிறுத்துங்க, அந்த வேன்ல எங்க வீட்டுக்காரர் இருக்கார் என்றாள்.

"மதுரைக்கு முன்னால ஸ்டாப் கெடையாதும்மா," என்றார் கண்டக்டர். அவர் நல்ல மனிதர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி நின்னா என்ன, ஆளு எப்படியும் வந்து சேந்துருவாரு. பயப்படாத," என்றும் சொன்னார்.

அவள் திரும்பி, வேன் மறைகிறவரை பின்கண்ணாடியையே பார்த்தாள்.

மதுரையில் இறங்கியதும் வாடிப்பட்டிக்குத் திரும்பிப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு பூக்காரியிடம் விசாரித்தாள். பூக்காரி கை காட்டினாள். பஸ் கிளம்பத் தயாராக நின்றது. போனால் அவனோடு இருக்கலாம். ரோட்டோரத்தில், பீரோவுக்குப் பக்கத்தில். டீசல் வந்ததும் மறுபடி எடை பார்ப்பார்கள். ஏறி உட்கார்ந்த வண்டியிலிருந்துதானே இறக்கினார்கள். அவனைக் கொண்டுபோய் இறக்கப்போகிற வாசல் ஒன்றுதான். அந்த வாசலில் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டால்? பஸ் அவள் முன்னால் கிளம்பிப் போனது. அவள் அருப்புக்கோட்டை பஸ்ஸைத் தேடிப் போனாள்.

அங்கிருந்து மினி பஸ். வாகைக்குளத்தில் இறங்கியதும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தெருவில் தென்னை ஓலைப் பந்தல் போட்டு, வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்தில் பெஞ்சு ஒன்று காலியாக இருந்தது, அவனைக் கிடத்த.

தலைமுடி கலைந்து, சேலையெல்லாம் ஐஸ் தண்ணீர் காய்ந்த கறையோடு ஒருத்தி வருவதைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் கைகளை விரித்தார்கள். அந்த ஊரில் துட்டிக்கு வருகிறவளை முதலில் கட்டிப்பிடித்து அழுவார்கள். யார், எந்த ஊர் என்பதெல்லாம் அழுது மூக்கைச் சிந்திய பிறகுதான். பெண்கள் அவளைத் தோளோடு சேர்த்து இழுத்து, தலையோடு தலை முட்டி, முனீசின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒப்பு வைத்தார்கள். சின்ன வயதில் கண்மாயில் விழுந்தது, பொங்கலுக்குப் பொங்கல் பனியன் மூட்டையோடு வந்து தெருவெல்லாம் கொடுத்தது எல்லாம் அந்தப் பாட்டில் வந்தது. அவன் இறந்த பிறகு முதல்முறையாக நாகஜோதி வாய்விட்டு அழுதாள்.

அழுது முடிந்ததும், அவளைப் பிடித்திருந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முனீசின் சின்னம்மா முறை. மருதம்மாள் என்று பெயர்.

"எந்த ஊரு தாயி நீ?"

"திருப்பூரு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கழுத்தைப் பார்த்தார்கள். இன்னும் தாலி இருந்தது. யாரோ ஒருத்தி, அவளாடி இது என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். நாகஜோதி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவள் முதுகில் இருந்த மருதம்மாளின் கை எடுக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அப்படியே இருந்தது.

"கட்டி அழுதாச்சு," என்றாள் மருதம்மாள் கடைசியில், மற்றவர்களைப் பார்த்து. "அழுத பெறகு என்னத்த அத்துவிட? உள்ள வா. வந்து தலமாட்டுப் பக்கம் உக்காரு."

வேன் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. மேலே பீரோ இல்லை. டீசல் கேனோடு வாடிப்பட்டி வரைக்கும் வந்து பெட்ரோல் தீர்ந்த டி.வி.எஸ். ஐம்பது அந்த இடத்தில் படுத்திருந்தது. சந்தனம் இறங்கி, சாமான்களை எங்கே வைப்பது என்று ஆட்களைக் கூப்பிட்டார். யாரும் போகவில்லை. ஐஸ் முழுக்கக் கரைந்துபோயிருந்தது. வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது, குளிப்பாட்ட முடியாது, பெஞ்சில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு நேராகச் சுடுகாட்டுக்குத்தான் என்று பெரிய மனிதர்கள் மூக்கை மூடிக்கொண்டு சொன்னார்கள்.

பெஞ்சில் வைத்தார்கள். தலைமாட்டில் நாகஜோதி உட்கார்ந்திருந்தாள். சந்தனம் அவளைப் பார்த்தார். பக்கத்தில் மருதம்மாளையும், தெருப் பெண்கள் அத்தனை பேரையும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

வெள்ளையம்மாளை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நாள் முழுக்க வாயே திறக்காமல் வந்தவள் பெஞ்சின் மறுபக்கத்தில் உட்கார்ந்து மகனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாகஜோதியைப் பார்த்தாள். இவள் எப்படி முந்தி வந்தாள் என்று அவள் கேட்கவில்லை.

"அன்னைக்கு ராத்திரி சோறு தின்னானா அவன்?"

"தின்னுட்டாரு அத்தே. போலீஸ்காரங்க டிபன் பாக்ஸக் குடுத்தாங்க. கழுவி மூடி வெச்சிருந்தாரு."

"என்ன கொழம்பு?"

"கத்திரிக்காப் புளிக்கொழம்பு."

வெள்ளையம்மாள் அதை யோசித்தாள். "கத்திரிக்கான்னா தொட மாட்டானே."

"எங்கிட்ட தின்னுவாரு."

வெள்ளையம்மாளின் உதடு கோணியது. அழுகையா, வேறு எதுவா என்று தெரியவில்லை. அதற்குள் ஆண்கள் குனிந்து நான்கு மூலையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். சந்தனம் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தார்.

பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். நாகஜோதி அங்கே வரைக்கும் போனாள். அதற்கு மேல் வேலிக்கருவைக்கு நடுவே ஒரு மண்பாதை. ஆண்கள் வேகமாகப் போனார்கள். எவ்வளவு தூரம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். இந்தா, கூப்பிடு தூரந்தான் என்றாள் அவள். ஆனால் மரங்கள் மறைத்துவிட்டன.